வளர்த்த நாய்க்குக் கடைசி ஊசி போடலாமா?

தேவாரத்தில் ஒரு வீடு. மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டங்கள். விடியும் முன்பே தெருவில் ஜீப்பு வந்து நிற்கும். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஜீப்பு மலை ஏறும்.

அந்த வீட்டில் ஒரு கோம்பை நாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோம்பை என்பது வெளிநாட்டு ஜாதி அல்ல. தேவாரத்தில் இருந்து பண்ணைப்புரத்தைத் தாண்டினால் கோம்பை. அந்த ஊர்ப் பெயர்தான் நாய்க்கும் பெயர். செவலை நிறம், கருத்த மூஞ்சி. 2020 ஆகஸ்டு மாதம் வானொலியில் பேசிய பிரதமர் மோடி, நம் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையையும் சேர்த்துச் சொன்னார்.

நம் கதையில் வரும் நாய்க்குப் பெயர் மணி. வயது 13. பத்து வருஷத்துக்கு மேல் வாசலைக் காத்தது. இப்போது பின்னங்கால் இரண்டும் விழுந்து விட்டன. வயிற்றில் கட்டி. படுத்த இடத்திலேயே மூத்திரம் போகிறது. முதுகில் படுக்கைப் புண். நான்கு நாளாகக் கஞ்சி கூட இறங்கவில்லை. புரட்டிப் போட்டால் கத்துகிறது.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்க்கிறார். "இனி மருந்தில் தீராது. நீங்கள் சம்மதித்தால் வீட்டிலேயே ஊசி போட்டு, வலி இல்லாமல் அனுப்பி விடலாம்" என்கிறார்.

வீட்டில் பேச்சு நின்று போகிறது.

"உசிரைக் குடுத்தவன் எடுத்துக்கிடட்டும். நாம யாரு அதைச் செய்ய?" என்கிறாள் அப்பத்தா.

"மணிக்கு வலிக்குதுப்பா. ஏதாவது செய்யுப்பா" என்று மகள் அழுகிறாள்.

"மலை ரோட்டுல கொண்டு போய் இறக்கி விட்டுட்டு வந்திருண்ணே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா மூன்று பேரையும் பார்க்கிறார். யார் சொல்வது சரி?

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல. 2025ஆம் ஆண்டு முழுவதும் நாட்டில் நாயைப் பற்றியே பேச்சாக இருந்தது. சுப்ரீம் கோர்ட்டு முதல் டீக்கடை வரை பேசினார்கள். அந்தச் சத்தத்தில் மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழம்பி விட்டன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த அப்பாவுக்கு வழி தெரியும்.

மூன்று சங்கதிகள்

முதல் சங்கதி, தெரு நாய்த் தொல்லை. 2025 ஆகஸ்டு 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டு 22ந் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்த நாயையும், மூர்க்கமான நாயையும் மட்டும் விடக் கூடாது என்றார்கள். நவம்பர் 7ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. இந்த உத்தரவுகளில் எதுவும் "நாய்களைக் கொல்லுங்கள்" என்று சொல்லவில்லை.

இரண்டாவது சங்கதி, வெறிநோய். இது மனிதனையும் கொல்லும் நோய். இதற்குத் தனி விதி உண்டு. பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது சங்கதிதான் நம் மணியுடையது. தீராத நோயில் துடிக்கும் பிராணிக்கு, அதன் நன்மைக்காகவே மரணம் கொடுப்பது. இதற்குக் கருணைக் கொலை என்று பெயர். 2025 ஜூலை மாதம் தமிழக அரசு, தீராத நோயாலும் கடுமையான காயத்தாலும் அவதிப்படும் தெரு நாய்களை, பதிவு பெற்ற கால்நடை டாக்டர்களைக் கொண்டு கருணைக் கொலை செய்ய அனுமதி கொடுத்தது. "தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு" என்று பலர் அதைத் தவறாகப் புரிந்து கொண்டார்கள். தொல்லை கொடுக்கும் நாய் வேறு; துடிக்கும் நாய் வேறு.

காந்தி செய்த காரியம்

அப்பத்தா கேட்ட கேள்வி புதிது அல்ல. 1928ஆம் ஆண்டு இதே கேள்வியை காந்தியடிகளிடம் நாடே கேட்டது.

சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது. அதற்கு ஊனம் ஏற்பட்டு, நோயில் விழுந்தது. வைத்தியம் செய்து பார்த்தார்கள், பயன் இல்லை. வலி பொறுக்காமல் கன்று துடித்தது. ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கம் புரட்டக் கூட முடியவில்லை. பிழைக்காது என்று வைத்தியர் சொல்லி விட்டார்.

காந்தி ஆசிரமத்தாரைக் கூட்டிக் கலந்து பேசினார். "கொடுக்க முடியாத உயிரை எடுக்க உரிமை இல்லை" என்ற வாதம் அங்கும் வந்தது. காந்தி அதைக் கேட்டுக் கொண்டார், ஆனால் ஏற்கவில்லை. தன் லாபத்துக்காக உயிரை எடுத்தால் அல்லவா அந்த வாதம் பொருந்தும் என்று நினைத்தார். டாக்டரை வரவழைத்தார். அவர் முன்னிலையில் ஊசி போடப்பட்டது. இரண்டு நிமிஷத்துக்குள் கன்று அடங்கி விட்டது.

காந்தி அதை மறைக்கவில்லை. தம் பத்திரிகையிலேயே எழுதினார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொன்றாரா என்று கேட்டார்கள். ஆத்திரத்தோடும் சுயநலத்தோடும் உயிரை எடுப்பதுதான் இம்சை. நோயாளியின் நன்மைக்காக டாக்டர் கத்தி வைப்பது இம்சை ஆகாது என்பது அவர் பதில்.

காந்தி பார்த்த கணக்கை நாமும் பார்க்கலாம். வைத்தியத்தால் தீருமா? தீராது. பணிவிடை செய்தாவது வலியைக் குறைக்க முடியுமா? முடியாது. இதில் எனக்கு ஏதாவது லாபம் உண்டா? இல்லை. மூன்றுக்கும் இந்தப் பதில்தான் என்றால், அங்கே ஊசி கொலைக் கருவி அல்ல. ஒன்றுக்குப் பதில் மாறினாலும் ஊசியைத் தொடக் கூடாது.

"அப்படியானால் மனிதருக்கும் போடலாமா?" என்று அன்றைக்கே காந்தியைக் கேட்டார்கள். நம் சட்டம் மனிதருக்கு அந்த ஊசியை அனுமதிக்கவில்லை. பிழைக்க வழியே இல்லாத நோயாளிக்கு, உயிரைப் பிடித்து வைக்கும் கருவிகளை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்று மட்டும் 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நோயாளி முன்னதாகவே தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம். நாய் எழுதி வைக்காது. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பொறுப்பு இவ்வளவு பாரமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். அவர் ராஜ்ய சபையில் மிருகவதைக்கு எதிராக 1953ல் ஒரு தனி மசோதா கொண்டு வந்தார். அதன் பலனாக 1960ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 13வது பிரிவு, ஒரு பிராணியை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையும் உண்டு என்று ஒப்புக் கொள்கிறது. அந்த நிலையில் கால்நடை டாக்டரின் யோசனையோடு உயிரை முடிக்க அது வழி வைத்திருக்கிறது.

ஊசி போட உரிமை யாருக்கு? பதிவு பெற்ற கால்நடை டாக்டருக்கு மட்டுமே. 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, வைத்தியம் பார்க்கவே பதிவு வேண்டும். ஊசி போடத் தெரிந்த கம்பவுண்டரோ, மருந்துக் கடைக்காரரோ இதைச் செய்யக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை என்ன ஆகும்? நடக்க முடியாத நாயை மலை ரோட்டில் இறக்கி விட்டால், அது பசியாலும் தாகத்தாலும் சாகும். உயிரோடு இருக்கும்போதே எறும்பு மொய்க்கும். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஆனால் அபராதம், முதல் தடவைக்கு 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய்தான்! 1960ல் எழுதிய தொகை அது. அபராதம் சிறியது என்பதால் பாவமும் சிறியது ஆகி விடாது.

சோற்றில் விஷம் வைப்பது அதைவிட மோசம். 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவின்படி, பிராணியைக் கொன்று நாசம் செய்கிறவருக்கு 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். பூச்சி மருந்து தின்ற நாய் மணிக்கணக்கில் இழுத்துக் கொண்டு சாகும். வலியைப் போக்க நினைத்து வலியைக் கூட்டிய கதை ஆகும்.

முதலில் வெறிநோயை விலக்குங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னங்கால் விழுந்த நாய் எல்லாம் கிழட்டு நாய் அல்ல. வெறிநோயில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் நாய் கண்டபடி ஓடிக் கடிக்கும். இன்னொன்றில் ஓடாது, கடிக்காது. ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். தாடை தொங்கும். எச்சில் வடியும். விழுங்க முடியாது. குரைப்புக் கம்மும். கால் விழும். "தொண்டையில் எலும்பு சிக்கி இருக்கிறது" என்று நினைத்து வாயில் கை விடுகிறவர்கள் உண்டு. அது பேராபத்து.

ஆகையால் டாக்டர் வந்ததும் முதலில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். தடுப்பூசி எப்போது போட்டது? வேறு நாய் இதைக் கடித்ததா? கடந்த 10 நாளில் இது யாரையாவது கடித்ததா?

யாரையாவது கடித்திருந்தால், அவசரப்பட்டு ஊசி போடக் கூடாது. கடித்த நாயை 10 நாள் கவனிப்பது வழக்கம். அதற்காகக் கடிபட்டவர் 10 நாள் காத்திருக்கக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வெறிநோயைத் தடுக்காது.

ஏழு கேள்விகள்

வெறிநோய் இல்லை என்று தெரிந்து விட்டது. இனி ஊசியா, காத்திருப்பதா? அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற பெண் கால்நடை டாக்டர் இதற்கு ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறார். ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்கு. பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் போடலாம்.

வலி அடங்கி, மூச்சு சுகமாக வருகிறதா? சாப்பிடுகிறதா? தண்ணீர் உடம்பில் சேர்கிறதா? சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா? நம்மைக் கண்டால் வால் ஆடுகிறதா? எழுந்து நடக்கிறதா? கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா?

மொத்தம் 70 மார்க்கு. 35க்கு மேல் இருந்தால் இன்னும் வைத்துப் பராமரிக்கலாம். அதற்குக் கீழே போனால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தினமும் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு கோடு, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வந்தாலே உண்மை தெரிந்து விடும்.

ஒன்று கவனியுங்கள். இந்தக் கேள்விகளில் "நமக்குத் தொந்தரவா?" என்ற கேள்வியே இல்லை. வீடு மாறுகிறோம், வயதாகி விட்டது, காவலுக்கு ஆகவில்லை என்பதெல்லாம் ஊசிக்குக் காரணம் ஆகாது. புண்ணுக்கு மருந்து உண்டு. வலிக்கும் மருந்து உண்டு. அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். நாம் தின்னும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியும்; கிட்னி கெடும்.

டாக்டருக்கு எங்கே போவது? ஊர்ப்பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை வண்டியைப் பற்றித் தெரிந்து கொள்ளலாம். 2020ல் தேனிக்கு ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்து விட்டது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது டாக்டரையும் கேட்பதில் தப்பு இல்லை.

ஊசி போடுவது எப்படி?

பலருக்குப் பயமே இதில்தான். ஆகையால் விவரமாகச் சொல்கிறேன்.

நாய் படுத்த பழைய சாக்கையோ போர்வையோ விரியுங்கள். பழகிய வாசனை இருந்தால் அது மிரளாது. வலியில் துடிக்கும் நாயை ஆட்டோவில் குலுக்கிக் கொண்டு போவதைவிட வீடு நல்லது என்பது இதனால்தான். நாய்க்குப் பிடித்தவர் ஒருவர் தலைப் பக்கம் உட்காரட்டும். வலியில் சொந்தக்காரரையே கடிக்கலாம். டாக்டர் வாயைக் கட்டச் சொன்னால் கட்டுங்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் அப்பால் கொண்டு போய்க் கட்டுங்கள். ஒரு நாயின் கண் முன்னால் இன்னொரு நாய்க்கு இந்த ஊசி போடக் கூடாது என்பது, தெரு நாய்களுக்காக 2001ல் வந்து, 2023ல் புதுப்பித்து எழுதப்பட்ட கருத்தடை விதிகளிலேயே உண்டு. சர்க்கார் விதியில் இப்படி ஓர் ஈரம் இருப்பது அதிசயம். வீட்டு நாய்க்கும் அது பொருந்தும்.

முதலில் மயக்க ஊசி. சற்று நேரத்தில் நாய் தளர்ந்து தூங்கும். பிறகு முன்னங்கால் நரம்பில் இரண்டாவது ஊசி. அதுவும் மயக்க மருந்துதான், அளவு அதிகம். ஆப்பரேஷனுக்குக் கொடுக்கும் மருந்து வகையே அது. முதலில் மூளை உறங்கும். பிறகு மூச்சு நிற்கும். அதன் பின் இதயம் நிற்கும். சில நிமிஷங்களில் முடிந்து விடும். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து உறுதி சொல்வார்.

கண் மூடாது. கடைசியில் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம். தசை துடிக்கலாம். மூத்திரம் போகலாம். இது வலி அல்ல. உணர்வு அதற்கு முன்பே போய் விட்டது. இதைத் தெரிந்து கொள்ளாதவர்கள் "துடித்துச் செத்ததே!" என்று வருஷக்கணக்கில் மனம் நொந்து கொள்கிறார்கள்.

டாக்டரிடம் தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, முதலில் நன்றாக மயக்கம் கொடுத்து விடுவீர்கள் அல்லவா?" இதயத்தை நிறுத்தும் உப்பு மருந்தை, மயக்கம் இல்லாமல் நேரே செலுத்துவது கொடுமை. நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

மலையில் வீசாதீர்கள்

ஊசி போட்ட உடம்பில் மருந்து அப்படியே இருக்கும். ஓடையிலோ காட்டோரத்திலோ வீசினால், அதைத் தின்னும் பிராணிகளும் பறவைகளும் சாகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்தால்தான் நம் நாட்டுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006ல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. அதே தப்பை நாம் செய்ய வேண்டாம். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். மேலே கல் அடுக்குங்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

"மணி தூங்குது" என்று சொல்லாதீர்கள். இங்கிலீஷ்காரர்கள் இதைத் தூங்க வைப்பது என்றுதான் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு அது புரியும். சின்னப் பிள்ளைக்குப் புரியாது. எப்போது எழும் என்று கேட்கும். தான் தூங்கப் போகவே பயப்படும். "ஓடிப் போச்சு" என்றும் சொல்லாதீர்கள். தெருத் தெருவாகத் தேடும். "மணிக்கு நோய் தீரலை. ரொம்ப வலிச்சுது. டாக்டர் மருந்து கொடுத்தார். வலி இல்லாமல் செத்துப் போச்சு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள்.

நாய்க்காக அழுவது வெட்கம் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முந்தியது. மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்த அவனுடைய நாயையும் அதில் செதுக்கி இருக்கிறார்கள். நாயின் பெயரையும் வெட்டி வைத்தார்கள். அதன் பெயர் கோவிவன்.

அப்பா என்ன செய்வார்?

தேவாரத்து வீட்டுக்குத் திரும்புவோம். அப்பத்தா சொன்னது பொய் அல்ல. உயிரை எடுப்பது சுலபமான காரியமாக இருக்கக் கூடாது என்கிறாள். அந்தப் பயம் வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். மகள் சொன்னதும் உண்மை. வலிக்கிறது. வலியைப் பார்த்துக் கொண்டு சும்மா இருப்பதும் நாம் செய்யும் ஒரு காரியம்தான்.

அப்பா மணிக்கு மார்க்கு போட்டுப் பார்க்கட்டும். சாப்பாட்டுக்குப் பூஜ்யம். நடைக்குப் பூஜ்யம். வலிக்கும் சுத்தத்துக்கும் ஒன்றோ இரண்டோ. அவரைக் கண்டால் வால் நுனி மட்டும் இன்னும் ஆடுகிறது. அதற்கு எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். கூட்டினால் 35 வராது.

அவர் டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாம். அப்பத்தாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். மணியின் தலை அவர் மடியில் இருக்கட்டும். இத்தனை வருஷம் வாசலில் படுத்து அந்த வீட்டைக் காத்தது மணி. கடைசி அரை மணி நேரம் அதன் பக்கத்தில் அவர் இருக்க வேண்டும். ஊசியை டாக்டர் போடுவார். கூட இருக்கும் வேலை வீட்டுக்காரருடையது.